யார் இந்த எல்மோ ஜும்வால்ட்? 3 போர்களைக் கண்ட அமெரிக்க அட்மிரல்... வீரர்களைக் காப்பாற்றக் கேட்ட ரசாயனம் மகனுக்கே எமனானதா?

ஜும்வால்ட். இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்கக் கடற்படையின் அந்த வித்தியாசமான போர்க்கப்பல்தான். கத்தி போன்ற முன்பகுதி, உள்பக்கமாகச் சாய்ந்த சுவர்கள் என அறிவியல் புனைகதைப் படத்தில் வரும் கப்பல் மாதிரியே இருக்கும்.

ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போர், கொரியப் போர், வியட்நாம் போர் என 3 போர்களில் பணியாற்றியவர். 49 வயதில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியானவர். கூடவே, தன் வீரர்களைக் காப்பாற்ற எடுத்த ஒரு முடிவுக்குக் குடும்பமே விலை கொடுத்ததாக நம்பியவர். அந்த முடிவு என்ன? அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

டாக்டர் குடும்பத்துப் பையன்

எல்மோ ரசல் ஜும்வால்ட் ஜூனியர் 1920-ம் ஆண்டு நவம்பர் 29-ம் தேதி கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். வளர்ந்தது துலாரி என்ற சிறிய ஊரில். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். நெருக்கமானவர்கள் அவரை ‘பட்’ என்று கூப்பிடுவார்கள்.

அன்னாபொலிஸ் நகரில் உள்ள கடற்படை அகாடமியில் சேர்ந்தார். 1943-ல் படிப்பை முடிக்க வேண்டிய பேட்ச் அது. ஆனால் போருக்கு அதிகாரிகள் தேவைப்பட்டதால், 1942 ஜூன் மாதமே பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் போர்: இருட்டில் ஒரு டார்பிடோ தாக்குதல்

பசிபிக் கடலில் ஜப்பானுக்கு எதிராக நடந்த போரில் டெஸ்ட்ராயர் வகைக் கப்பல்களில் ஜும்வால்ட் பணியாற்றினார். 1944 அக்டோபர் 25-ம் தேதி அதிகாலை பிலிப்பைன்ஸ் அருகே சுரிகாவ் நீரிணையில் நடந்த மோதல் முக்கியமானது. அப்போது ராபின்சன் என்ற டெஸ்ட்ராயரில் அவர் இருந்தார்.

குறுகலான கடல் பகுதி. கும்மிருட்டு. எதிரே ஜப்பானின் பெரிய போர்க்கப்பல்கள். கப்பலின் தகவல் மையத்தில் உட்கார்ந்து, ரேடார் தகவல்களை வைத்து எதிரி எங்கே இருக்கிறான் என்று கணித்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. அந்தச் சண்டையில் காட்டிய திறமைக்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்ததும் இன்னொரு சுவாரஸ்யமான பொறுப்பு வந்தது. ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய ‘அடாகா’ என்ற பீரங்கிக் கப்பலை சீனாவின் ஷாங்காய் நகருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வயது 24-தான். வெற்றிகரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கேதான் மூசா என்ற பெண்ணைச் சந்தித்தார். பிரெஞ்சுத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்தவர் மூசா. சந்தித்த சில வாரங்களிலேயே கல்யாணம். அடுத்த ஆண்டு, 1946-ல், மூத்த மகன் பிறந்தான். அப்பாவின் பெயரையே அவனுக்கும் வைத்தார்கள்: எல்மோ ஜும்வால்ட் மூன்றாமவர். இந்த மகனின் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

இரண்டாவது போர்: கொரியா

1950-ல் கொரியப் போர் வெடித்தது. விஸ்கான்சின் என்ற பிரம்மாண்டமான போர்க்கப்பலில் வழிநடத்தும் அதிகாரி பொறுப்பு ஜும்வால்டுக்குக் கிடைத்தது. 16 அங்குல பீரங்கிகளைக் கொண்ட கப்பல் அது. கொரியக் கரையோரம் உள்ள இலக்குகளைக் கடலிலிருந்தே தாக்கும். கரைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய கப்பலைத் தரை தட்டாமல் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை.

அதன்பிறகு வேகமான வளர்ச்சி. 1959-ல் டூயி என்ற ஏவுகணைக் கப்பலின் கேப்டனானார். ஏவுகணைகளுக்காகவே வடிவமைத்துக் கட்டப்பட்ட புதிய ரகக் கப்பல் அது. அடுத்து பென்டகனில் பால் நிட்சா என்ற செல்வாக்கான அதிகாரியிடம் வேலை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை அங்கிருந்தே பார்த்தார். 1965-ல், 44 வயதில் ரியர் அட்மிரல். அவ்வளவு சின்ன வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர்கள் அப்போது வேறு யாரும் இல்லை.

மூன்றாவது போர்: கடலில் இல்லை, ஆற்றில்!

1968 செப்டம்பர். வியட்நாமில் உள்ள அமெரிக்கக் கடற்படைப் பிரிவின் தளபதியாக ஜும்வால்ட் சென்றார். பெயர்தான் கடற்படை. சண்டை நடந்ததோ மெகாங் டெல்டாவின் ஆறுகளிலும் கால்வாய்களிலும்.

இதற்கென்றே தனிப் படகுகள் இருந்தன. ஒன்று, ஃபைபர்கிளாஸால் ஆன சின்ன ரோந்துப் படகு. இன்னொன்று, ‘ஸ்விஃப்ட்’ எனப்படும் 50 அடி நீள அலுமினியப் படகு. ஸ்விஃப்ட் படகில் பொதுவாக 6 பேர் இருப்பார்கள். கனமான கவசமெல்லாம் கிடையாது.

ஜும்வால்ட் வந்ததும் ‘சீலார்ட்ஸ்’ என்ற புதிய திட்டத்தைத் தொடங்கினார். அதுவரை கரையோரம் ரோந்து சுற்றிக்கொண்டிருந்த படகுகளை, எதிரியின் கோட்டையாக இருந்த உள்பகுதி ஆறுகளுக்கே அனுப்பினார். கம்போடியா எல்லை வழியாக வரும் ஆயுதங்களைத் தடுப்பதுதான் முக்கிய நோக்கம். பின்னாளில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரான ஜான் கெர்ரி, இந்தத் திட்டத்தில் ஸ்விஃப்ட் படகுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரிகளில் ஒருவர்.

அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது?

ஆறுகள் குறுகலானவை. இரண்டு பக்கமும் தண்ணீர் வரைக்கும் அடர்ந்த காடு. அந்தப் புதருக்குள் சில மீட்டர் தூரத்தில் எதிரி துப்பாக்கியோடு படுத்திருந்தாலும் படகில் இருப்பவருக்குத் தெரியாது. முதல் ராக்கெட் வந்து விழும்போதுதான் தெரியும்.

விளைவு என்ன? படகு வீரர்களில் மாதத்துக்குச் சுமார் 6 சதவீதம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமடைந்தார்கள் என்று ஜும்வால்ட் பின்னாளில் குறிப்பிட்டார். கேட்க 6 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு வீரர் அங்கே ஓராண்டு இருக்க வேண்டும். மாதத்துக்கு 6 என்றால் ஆண்டுக்கு 70 சதவீதத்துக்கும் மேல். அதாவது, முழுசாக வீடு திரும்புபவர் நான்கில் ஒருவர்தான்.

இதற்கு அவர் தேர்ந்தெடுத்த தீர்வு, கரையோரக் காடுகளை இல்லாமல் ஆக்குவது. அதற்கான ரசாயனம் ஏற்கெனவே வியட்நாமில் பயன்பாட்டில் இருந்தது. அதுதான் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’.

ஏஜென்ட் ஆரஞ்சு என்றால் என்ன?

இது ஒரு களைக்கொல்லி. 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு ரசாயனங்களின் கலவை. தெளித்தால் இலைகள் உதிர்ந்து மரங்கள் மொட்டையாகிவிடும். அடைத்து வந்த பீப்பாய்களில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருந்ததால் இந்தப் பெயர். மற்றபடி திரவத்தின் நிறம் ஆரஞ்சு இல்லை.

பிரச்சினை எங்கே என்றால், இரண்டாவது ரசாயனத்தைத் தயாரிக்கும்போது டையாக்ஸின் என்ற நச்சு உருவாகி அதிலேயே கலந்துவிடும். மிகச் சிறிய அளவே ஆபத்தானது. மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் மனிதக் கொழுப்பிலும் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

1962 முதல் 1971 வரை வியட்நாமில் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளை அமெரிக்கா தெளித்தது. அதில் பாதிக்கும் மேல் ஏஜென்ட் ஆரஞ்சு. இந்தத் தெளிப்பைத் தொடங்கி வைத்தது ஜும்வால்ட் இல்லை. அவர் வருவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. ஆனால் தன் படகுகள் போகும் ஆற்றங்கரைகளில் தெளிக்கச் சொன்னது அவர்தான். மனிதர்களுக்கு இதனால் தீங்கு இல்லை என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் கூறினார்.

கரைகள் வெட்டவெளியாயின. மாதத்துக்கு 6 சதவீதமாக இருந்த பாதிப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது என்பது அவர் சொன்ன கணக்கு. ராணுவக் கண்ணோட்டத்தில் பார்த்தால் முடிவு பலித்துவிட்டது.

அதே ஆற்றில் மகன்

அந்த ஆறுகளில் படகு ஓட்டிய இளம் அதிகாரிகளில் அவருடைய மூத்த மகனும் ஒருவர். எல்மோ மூன்றாமவர் தானாகவே விரும்பி வியட்நாம் போனார். ஸ்விஃப்ட் படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். இலையுதிர்ந்த அந்தக் கரைகளுக்கு நடுவேதான் அவருடைய படகும் போனது. அந்தத் தண்ணீரில்தான் குளியல். பணிக்காலம் முடிந்து உயிரோடு வீடு திரும்பினார். அப்பாவுக்கு நிம்மதி.

49 வயதில் தலைமைத் தளபதி

1970 ஜூலை 1-ம் தேதி, அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக ஜும்வால்டை நியமித்தார் அதிபர் நிக்சன். பணி மூப்பில் முன்னால் இருந்த 30-க்கும் மேற்பட்ட அட்மிரல்களைத் தாண்டிக் கிடைத்த பதவி. அமெரிக்க வரலாற்றிலேயே இந்தப் பதவிக்கு வந்த மிக இளையவர் அவர்தான்.

ஆனால் அவர் கைக்கு வந்த கடற்படை கலகலத்துப் போயிருந்தது. முதல் ஒப்பந்தம் முடிந்ததும் ‘இன்னொரு முறை தொடர்கிறேன்’ என்று சொன்ன மாலுமிகள் 10 சதவீதம்கூட இல்லை. போர் மீதான வெறுப்பு ஒரு பக்கம். அர்த்தமில்லாத கெடுபிடிகள், நிறவெறி என உள்ளே இருந்த பிரச்சினைகள் இன்னொரு பக்கம்.

ஜும்வால்ட் என்ன செய்தார்? மொத்தக் கடற்படைக்கும் நேரடியாகச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார். மாலுமிகள் அவற்றை ‘இசட்-கிராம்’ என்று அழைத்தார்கள். 4 ஆண்டுகளில் மொத்தம் 121 செய்திகள். அவற்றில் முக்கியமானவை:

* தாடி, கிருதா வைத்துக்கொள்ள அனுமதி. தேவையில்லாத அன்றாடக் கெடுபிடிகள் ரத்து.

* 1970 டிசம்பரில் வந்த 66-வது செய்தி, கறுப்பின மாலுமிகளுக்குச் சம உரிமை பற்றியது. சிறுபான்மையினரின் குறைகளைக் கேட்க ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரை நியமிக்க வேண்டும், கறுப்பின வீரர்களுக்குத் தேவையான பொருட்களைக் கடற்படைக் கடைகளில் விற்க வேண்டும் என உத்தரவுகள் மிகத் தெளிவாக இருந்தன.

* 1972 ஆகஸ்டில் வந்த 116-வது செய்தி, பெண்களுக்குக் கப்பல் பணி உள்ளிட்ட வாய்ப்புகளைத் திறந்துவிட்டது.

1971-ல் சாமுவேல் கிரேவ்லி கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரலானார். 1972-ல் அலீன் டியர்க் முதல் பெண் அட்மிரலானார். இரண்டுமே ஜும்வால்ட் காலத்தில் நடந்தவை.

எல்லாருக்கும் இது பிடித்ததா? இல்லை. பல மூத்த அதிகாரிகள் கொதித்தார்கள். 1972 அக்டோபரில் கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இனமோதல் வெடித்தது. அடுத்த சில வாரங்களில் கான்ஸ்டலேஷன் கப்பலிலும் போராட்டம். ‘எல்லாம் இவர் கொடுத்த இடம்’ என்று எதிர்த்தரப்பு சொன்னது. ‘சீர்திருத்தம் போதிய வேகத்தில் நடக்கவில்லை, அதுதான் காரணம்’ என்பது ஜும்வால்டின் நிலைப்பாடு. அவர் பதவியிலும் தப்பினார், சீர்திருத்தங்களும் தப்பின. 1974-ல் அவர் ஓய்வு பெற்றபோது, பணியில் தொடர விரும்பும் மாலுமிகளின் விகிதம் சுமார் 3 மடங்கு உயர்ந்திருந்தது.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

1971 டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்தபோது, இந்தியாவுக்கு அழுத்தம் கொடுக்க ‘என்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில் ஒரு படையை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார் நிக்சன். அப்போது அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி ஜும்வால்ட்தான். ஆனால் முடிவு வெள்ளை மாளிகையுடையது. போகும் கப்பல்களுக்கு அங்கே என்ன வேலை என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை என்ற அதிருப்தி அவருக்கு இருந்தது. டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு அந்த நெருக்கடி முடிந்தது.

13 ஆண்டுகள் கழித்து வந்த செய்தி

ஓய்வுக்குப் பிறகு அரசியலையும் முயன்று பார்த்தார். 1976-ல் வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட் தேர்தலில் நின்று தோற்றார்.

1983 ஜனவரி. வழக்கறிஞராக இருந்த மகன் எல்மோவுக்கு நிணநீர் மண்டலப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. வயது 36. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹாட்ஜ்கின் என்ற இன்னொரு வகைப் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. மகனுக்குப் பிறந்த குழந்தைக்கும் கற்றல் குறைபாடு இருந்தது.

அப்போதுதான் வியட்நாமிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான வீரர்கள், தங்கள் நோய்களுக்கு ஏஜென்ட் ஆரஞ்சுதான் காரணம் என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். 1984-ல் ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கை சமரசமாக முடித்துக்கொண்டன. தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு தனிநபருக்கு வந்த புற்றுநோயைக் காட்டி ‘இதனால்தான் வந்தது’ என்று மருத்துவத்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அப்பா, மகன் இருவருமே ஏஜென்ட் ஆரஞ்சுதான் காரணம் என்று நம்பினார்கள். 1986-ல் இருவரும் சேர்ந்து ‘என் தந்தை, என் மகன்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார்கள். பின்னர் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

அதில் மகன் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அந்த முடிவால் உயிர் பிழைத்தவர்களில் தானும் ஒருவனாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அப்பாவோ, இப்போது தெரிந்ததெல்லாம் அப்போதே தெரிந்திருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்றார். பிழைத்த உயிர்களின் எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்தக் கணக்கில் ஆற்றங்கரையில் வாழ்ந்த வியட்நாம் மக்கள் எங்கே என்பது இன்றும் எழுப்பப்படும் கேள்வி.

சகோதரி கொடுத்த எலும்பு மஜ்ஜையை வைத்து மாற்று சிகிச்சை நடந்தது. பலன் நீடிக்கவில்லை. 1988 ஆகஸ்ட் 13-ம் தேதி மகன் எல்மோ இறந்தார். வயது 42.

அட்மிரலின் கடைசிப் போர்

மகனை இழந்த அப்பா அதோடு ஒதுங்கிவிடவில்லை. ‘ஏஜென்ட் ஆரஞ்சுக்கும் நோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை’ என்று சொல்லி, முன்னாள் வீரர்களுக்கு அரசு இழப்பீடு மறுத்துவந்த நேரம் அது. 1989-ல் முன்னாள் படைவீரர் நலத்துறை, இந்த விவகாரத்தை ஆராய ஜும்வால்டையே சிறப்பு ஆலோசகராக நியமித்தது.

1990 மே மாதம் அறிக்கை கொடுத்தார். அரசு நடத்திய ஆய்வுகளிலேயே குளறுபடிகளும் திரித்தல்களும் இருப்பதாகக் குற்றம்சாட்டினார். 28 வகை நோய்களுக்கு ஏஜென்ட் ஆரஞ்சு காரணமாக இருக்க வாய்ப்புள்ளது என்று பட்டியலிட்டார். தெளிக்கச் சொன்ன தளபதியே இப்படிச் சொல்லும்போது அதைத் தட்டிக்கழிப்பது அரசுக்கு எளிதாக இல்லை.

1991 பிப்ரவரியில் ‘ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம்’ வந்தது. இந்தச் சட்டத்தின் சாரம் இதுதான்: ஒரு வீரர் வியட்நாமில் பணியாற்றியிருந்து, பட்டியலில் உள்ள நோய் அவருக்கு வந்தால், ‘எனக்கு இந்த ரசாயனத்தால்தான் வந்தது’ என்று அவர் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. அரசே அப்படி எடுத்துக்கொள்ளும். நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையிலிருந்து இறங்கியது.

அந்தப் பட்டியல் பின்னர் வளர்ந்துகொண்டே வந்தது. நிணநீர்ப் புற்றுநோய்கள், புரோஸ்டேட் புற்றுநோய், பார்க்கின்சன், இரண்டாம் வகை சர்க்கரை நோய் எனப் பல நோய்கள் இப்போது அதில் உண்டு. 2022-ல் உயர் ரத்த அழுத்தமும் சேர்க்கப்பட்டது.

வியட்நாம் மக்களின் நிலை என்ன?

அமெரிக்க வீரர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் மதிப்பிடுகிறது. வியட்நாமியர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடர்ந்த வழக்கு தள்ளுபடியானது. 1994-ல் ஜும்வால்ட் வியட்நாம் சென்று, ஏஜென்ட் ஆரஞ்சு பாதிப்பை இரு நாடுகளும் சேர்ந்து ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அமெரிக்கா மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலையில் இறங்கியது. டா நாங் விமான நிலையத்தில் 2012-ல் தொடங்கிய பணி 2018-ல் முடிந்தது.

மறைவும், பெயர் தாங்கிய கப்பலும்

1998-ல் அதிபர் கிளிண்டன் ஜும்வால்டுக்கு அமெரிக்காவின் உயரிய சிவில் விருதான சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். 2000-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி, 79 வயதில் ஜும்வால்ட் காலமானார். அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பெயர் கொண்ட ஜும்வால்ட் கப்பல் 2016 அக்டோபர் 15-ம் தேதி கடற்படையில் சேர்ந்தது. முதலில் 32 கப்பல்கள் கட்டத் திட்டமிட்டார்கள். செலவு எகிறியதால் 3 கப்பல்களோடு நிறுத்திவிட்டார்கள்.

ஜும்வால்ட்: ஒரு பார்வை

* 1920 – சான்பிரான்சிஸ்கோவில் பிறப்பு

* 1942 – கடற்படை அகாடமியில் பட்டம்

* 1944 – சுரிகாவ் நீரிணைப் போர்

* 1968 – வியட்நாமில் கடற்படைத் தளபதி

* 1970 முதல் 1974 வரை – அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி

* 1988 – மகன் மரணம்

* 1990 – ஏஜென்ட் ஆரஞ்சு குறித்த அறிக்கை

* 1991 – ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம்

* 2000 – மறைவு

கப்பலால்தான் இன்று அவர் பெயர் செய்திகளில் அடிபடுகிறது. ஆனால் வியட்நாமிலிருந்து நோயோடு திரும்பிய அமெரிக்க வீரர்களின் குடும்பங்களுக்கு ஜும்வால்ட் என்றால், அந்த ரசாயனத்தைத் தெளிக்கச் சொன்னவரும் அவர்தான், அதற்கான இழப்பீட்டுக்கு வழி திறந்தவரும் அவர்தான்.